ஒற்றைக் கியர்: யாருடைய பிடிவாதம்?

1893 மே 11 அன்று, பாரிஸ் நகரின் பஃபலோ வெலோட்ரோமில் ஆன்றி தெகிராஞ்ச் என்ற இளைஞர் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார். ஒரு மணி நேர சாதனைகளின் அதிகாரபூர்வப் பட்டியல் இன்றும் அவர் பெயரில்தான் தொடங்குகிறது. அவர் ஓட்டிய வண்டியில் ஒரே கியர். ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், பெடலை நிறுத்தினால் சக்கரமும் நிற்கும்.

பத்து வருஷம் கழித்து, ‘லோட்டோ’ என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியராக, அதே தெகிராஞ்ச் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கினார். அதற்குள் கியர் மாற்றும் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் தன் பந்தயத்தில் டீரெய்லரை அவர் அனுமதிக்கவில்லை. அது உள்ளே வர 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு தொழில்நுட்பம் கண்ணெதிரே இருந்தும் முப்பது வருஷத்துக்கு மேல் அதை வாசலிலேயே நிறுத்திவைத்தார் ஒரு மனிதர். சிங்கிள் ஸ்பீடு சைக்கிள் ஒன்றை நானே பூட்டி ஓட்டுபவன் என்பதால், இந்தப் பிடிவாதத்தின் கதை என்னை விடவே இல்லை. ஏனென்றால் இன்று ஒற்றைக் கியரைப் புகழும் என் போன்றவர்கள் சொல்லும் எளிமை, தூய்மை, உடலின் வலிமை எல்லாமே அவர் சொன்னவைதான்.

முதலில் ஒரு விளக்கம். ஒற்றைக் கியரில் இரண்டு வகை உண்டு. ஃப்ரீவீல் உள்ளது சிங்கிள் ஸ்பீடு: நம்ம ஊர் சைக்கிள் எல்லாம் இதுதான், இறக்கத்தில் காலை ஆட்டாமல் சும்மா உட்கார்ந்து போகலாம். ஃப்ரீவீல் இல்லாதது ஃபிக்ஸட் கியர்: வண்டி நகரும்வரை கால்களுக்கு ஓய்வில்லை.

கியரை அளக்கும் விதத்திலேயே ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. 1870-களின் ஆளுயர முன்சக்கர சைக்கிள்களில் பெடல் நேராக முன்சக்கரத்தோடு பூட்டப்பட்டிருந்தது. சக்கரம் எவ்வளவு பெரிதோ, ஒரு மிதிக்கு அவ்வளவு தூரம். 54 அங்குலச் சக்கரம் என்றால் ஒரு சுற்றுக்கு நாலே கால் மீட்டருக்குச் சற்று அதிகம். காலின் நீளம்தான் வேகத்தின் எல்லை. 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ‘ரோவர்’ செயின் வழியாகப் பின்சக்கரத்தை ஓட்டி அந்த எல்லையை உடைத்தது. ஆனால் அளவுகோல் மட்டும் மாறவில்லை. இன்றும் 48 பல் முன்சக்கரம், 18 பல் பின்சக்கரம், 27 அங்குல வீல் என்றால் ‘72 அங்குலக் கியர்’ என்கிறோம். அதாவது, 72 அங்குல உயரமுள்ள கற்பனைச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறோம். யூனிட் மாறாமல் தங்கிவிட்ட பழைய கோடு மாதிரி.

தெகிராஞ்சிடம் திரும்புவோம். பலவகைக் கியர்கள் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் லாயக்கு என்பது 1902-ல் அவர் எழுதிய கருத்து. அவருக்கு எதிர்முனையில் இருந்தவர் சாந்த் எத்தியேன் ஊரின் பால் தெ விவி. ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதியவர், சொந்தமாகப் பத்திரிகை நடத்தியவர், மலைப்பாதையில் சாதாரண மனிதர்களும் சுகமாகப் போக வேண்டும் என்பதற்காகக் கியர்களைப் பரிசோதித்துக்கொண்டே இருந்தவர். ஒருவருக்கு சைக்கிள் பந்தயம், மற்றவருக்குப் பயணம். சண்டை பல்சக்கரத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும், சைக்கிள் யாருக்காக என்பதுதான் அடியில் இருந்த கேள்வி.

1910-ல் டூர் பைரனீஸ் மலைகளுக்குள் நுழைந்தது. டூர்மலே கணவாய் 2,000 மீட்டருக்கு மேல் உயரம், மண் பாதை, கனமான இரும்பு வண்டி. பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவில் பல்சக்கரம் மாட்டிக்கொண்டார்கள். ஏற்றம் வந்தால் இறங்கி, நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, செயினை மாட்டி மறுபடி ஏற வேண்டும். 1927-ல் இத்தாலியில் குளிரில் விறைத்த விரல்களால் அந்த நட்டைக் கழற்ற முடியாமல் தவித்ததால்தான் துல்லியோ கம்பக்னோலோ ‘குயிக் ரிலீஸ்’ நெம்புகோலை யோசித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

1913-ல் எழேன் கிறிஸ்தோஃபுக்கு நடந்தது இன்னும் கொடுமை. டூர்மலே இறக்கத்தில் ஃபோர்க் உடைந்தது. வெளியாள் உதவக் கூடாது என்பது விதி. வண்டியைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்து, சாந்த் மரி தெ காம்பான் கிராமத்தின் கொல்லன் பட்டறையில் அவரே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தார். பந்தய அதிகாரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துருத்தி ஊத ஒரு சிறுவன் உதவினான் என்பதற்காக நேரத் தண்டனையும் விழுந்தது.

இதில் யாருக்கு லாபம்? முதல் டூரை வென்ற மொரீஸ் காரென் புகைபோக்கி சுத்தம் செய்த தொழிலாளி. ஓடியவர்களில் பலர் அவரைப் போல உழைத்துப் பிழைத்தவர்கள். அவர்கள் பட்ட பாடு மறுநாள் பத்திரிகையில் வீரகாவியமாக வந்தது, பத்திரிகை விற்றது. 1924-ல் பெலிசியே சகோதரர்கள் பாதியில் விலகி, கூதான்ஸ் ஊரில் ஆல்பெர் லோந்த்ர் என்ற பத்திரிகையாளரிடம் தங்கள் நிலைமையைக் கொட்டித் தீர்த்தார்கள். ‘சாலைக் கைதிகள்’ என்ற பெயர் அதன்பிறகுதான் ஒட்டிக்கொண்டது. தெகிராஞ்சை வெறும் வில்லனாக்கவும் முடியாது. சைக்கிள் கம்பெனிகளின் ஆதிக்கத்தை அவர் உண்மையிலேயே வெறுத்தார். 1930-ல் கம்பெனிப் பெயர் இல்லாத ஒரே மாதிரி மஞ்சள் வண்டிகளை எல்லோருக்கும் கொடுத்தார். மனிதன் ஜெயிக்க வேண்டும், மெஷின் அல்ல என்று நம்பினார். ஆனால் அந்த நம்பிக்கைக்கான விலையை மலையில் மிதித்தவன்தான் கொடுத்தான். 

அதே யோசனைக்கு ஜப்பானில் வேறொரு வாழ்க்கை கிடைத்தது. போரில் சிதைந்த நகரங்களை மீட்கப் பணம் தேவைப்பட்டது. 1948-ல் சட்டம் இயற்றி, கொகுராவில் ‘கெய்ரின்’ என்ற சூதாட்ட சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கினார்கள். பந்தயம் கட்டுபவனுக்கு ஒரே ஒரு நம்பிக்கை வேண்டும்: எவன் வண்டியிலும் ரகசியம் இல்லை. ஆகவே எல்லோருக்கும் ஸ்டீல் ஃப்ரேம், ஃபிக்ஸட் கியர், பிரேக் கிடையாது. ஹப், கிராங்க், ஹேண்டில்பார் என ஒவ்வொரு பாகத்திலும் ‘என்ஜேஎஸ்’ முத்திரை இருக்க வேண்டும். 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக ஸ்பிரிண்ட் பட்டம் வென்ற கோயிச்சி நகானோ இந்த உலகத்திலிருந்து வந்தவர். இங்கே ஒற்றைக் கியர் வீரத்துக்காக வைக்கப்படவில்லை. அது ஒரு தணிக்கை ஏற்பாடு.

அந்த வீரர்கள் ஓட்டிக் கழித்த ஃப்ரேம்கள் பிற்பாடு அமெரிக்க நகரங்களில் விலைமதிப்புள்ள பொருளாயின. அதற்கு முன்பே நியூயார்க்கின் கூரியர் பையன்களில் ஒரு கூட்டம் டிராக் வண்டியில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. திருகிப்போக கியர் இல்லை, பராமரிப்புச் செலவு குறைவு. அந்த வேலை பார்த்த நெல்சன் வெயில்ஸ் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்பிரிண்டில் வெள்ளி வென்றார். மூன்று வருஷத்தில் அதே நகரத்தின் மேயர் எட் கோச் மன்ஹாட்டனின் மூன்று முக்கிய அவென்யூக்களில் பகல் நேரத்தில் சைக்கிளைத் தடைசெய்யப் பார்த்தார். கூரியர்கள் தெருவில் இறங்கினார்கள், தடை நீதிமன்றத்தில் தோற்றது. பிழைப்புக்காக ஓட்டியவர்களின் வண்டி, 2000-களில் காபிக் கடை வாசலில் நிற்கும் ஃபேஷன் ஆனது.

நம்ம ஊரில் இந்தக் கதைக்கு எந்த அலங்காரமும் இல்லை. 1949-ல் பிரிட்டிஷ் கூட்டோடு தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்ததும், அரசு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுப்பதும் ஒற்றைக் கியர்தான். பால் கேன் கட்டியவரும் இளநீர்க் குலை தொங்கவிட்டவரும் அதில்தான் போனார்கள். யாரும் அதை மினிமலிசம் என்று சொல்லவில்லை. விலை குறைவு, மரத்தடிக் கடையிலும் ரிப்பேர் பார்க்கலாம். அவ்வளவுதான் விஷயம். கியர் வேண்டுமா என்று அவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை.

என் வண்டிக்கு 46-க்கு 17 என்று பல் எண்ணிக்கை தேர்ந்தேன். ஏறத்தாழ 73 அங்குலம். நிமிஷத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 31 கிலோமீட்டர் சொச்சம், சமதரைக்குப் போதும். 17 பகா எண் என்பதில் ஒரு நன்மையும் உண்டு. ஃபிக்ஸட் கியரில் பெடலை இறுக்கிச் சறுக்கி நிற்கும்போது டயரின் ஓர் இடம் தேயும். 48-க்கு 16 போட்டால் விகிதம் சரியாக மூன்று, ஆகவே எப்போதும் அதே இடம்தான் தேயும். 46-க்கு 17 என்றால் தேய்மானம் 17 இடங்களில் பரவும். பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்தி டயருக்கு ஆயுள் கொடுக்கும் இடம் இது. இருந்தும் முன்பிரேக் இல்லாமல் தெருவில் இறங்க மாட்டேன். கெய்ரின் தடத்தில் குறுக்கே ஆட்டோ வராது.

பூட்டுவதிலும் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். முன் பின் பல்சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஃப்ரேமில் பின் அச்சு முன்னும் பின்னும் நகர இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செயினை இழுத்துக் கட்ட வழியில்லை. ஃபிக்ஸட் பல்லைப் பிடிக்கும் லாக்ரிங்கின் மரை எதிர்த் திசையில் இருக்கும்: பின்னோக்கி அழுத்தும்போது பல் கழன்றுவிடாமல் இருக்கத்தான்.

என் பின் ஹப்பில் இரு பக்கமும் மரை உண்டு. ஒரு பக்கம் 17 பல் ஃபிக்ஸட், மறுபக்கம் 19 பல் ஃப்ரீவீல். தெகிராஞ்சின் வீரர்கள் மலையடிவாரத்தில் திருப்பிப் போட்ட அதே ஏற்பாடுதான். ஆனால் எனக்கு வேறு விதி எழுத ஆளில்லை. முட்டி வலித்தால் நாளைக்கே கியர் வண்டி வாங்கலாம். ஒற்றைக் கியரைப் பற்றி யாராவது தத்துவம் பேசினால், நான் பேசினாலும்கூட, முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: இறங்கிப்போகும் சுதந்திரம் மிதிக்கிறவனிடம் இருக்கிறதா? இருந்தால், இறக்கத்தில் ஓயாமல் சுற்றும் அந்தப் பெடல்களைப் போல சுகமான விஷயம் குறைவு.