ஒரு மனம், பல உடல்கள்: தென்திருவிதாங்கூர்க் கதைமரபு குறித்து

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, நெடுஞ்சாலையில் இருக்கிறது உதியன்குளங்கரை. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அந்த எல்லையை ஒட்டி, வில்லுப்பாட்டும் தோற்றம்பாட்டும் கலந்து வழங்கும் வட்டாரம் இது. இங்குள்ள கதைகளில் பாத்திரத்தின் மனம் அதன் உடலோடு முடிந்துவிடுவதில்லை. அந்த இயல்பு வளர்ந்த வழியே இக்கட்டுரையின் பொருள்.

பழைய சான்று, சிலப்பதிகாரத்தில் சேரநாட்டில் நிகழும் வஞ்சிக்காண்டத்தின் வரந்தரு காதை. கண்ணகியின் தோழி தேவந்திகை மேல் தெய்வமான பாசண்டச் சாத்தன் ஏறிப் பேசுகிறான். அவன் சொன்னபடி சுனைநீரைத் தெளித்ததும் மூன்று சிறுமிகள் புலம்பத் தொடங்குகிறார்கள். அரட்டன் செட்டியின் இரட்டைப் பெண்களில் ஒருத்தி கண்ணகியின் தாயாகவும் மற்றவள் கோவலனின் தாயாகவும் அழுகிறார்கள். சேடக்குடும்பியின் மகள் மாதரியாக அழுகிறாள்; அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியாமல் தீயில் விழுந்த அதே மாதரி. சிறுமிகளின் வாயில் முதுபெண்டிரின் துயரம். அதோடு நிற்கவில்லை. கண்ணகித் தெய்வம் தேவந்திகை வழியாக இளங்கோவுக்கே அவர் துறவின் கதையை எடுத்துச் சொல்கிறது. காவியம் பாடியவரின் உள்ளத்தை அவர் பாடிய பாத்திரம் அறிந்திருக்கிறது! இவ்வளவு துணிச்சலான இடம் தமிழில் வேறில்லை என்பது என் துணிபு.

மணிமேகலையும் மணிபல்லவத்துப் பீடிகையால் தன் பழம்பிறப்பை உணர்கிறாள். காப்பியங்களில் மனங்களை இணைப்பது முற்பிறப்பு.

நீலி கதையில் இந்த இணைப்பு பகையாக இறுகுகிறது. தன் மடியில் உறங்கிய தாசியை நகைக்காகக் கல்லால் கொல்கிறான் ஒரு பார்ப்பனன். அவள் அண்ணனும் உயிரை விடுகிறான். இருவரும் சோழனுக்கு இரட்டையராக, நீலனும் நீலியுமாகப் பிறக்கிறார்கள். தொட்டிலை விட்டு இரவில் இறங்கிப் போய் ஆடுமாடுகளைத் தின்னும் அந்தக் குழந்தைகள் ஒருவரோடொருவர் பேசித் திட்டமிட வேண்டியதில்லை. ஒரே நினைவு இரண்டு உடலில் இருக்கிறது.

அடுத்த கட்டம் ஏட்டைத் தாண்டியது. கொடை விழாவில் உடுக்கையும் குடமும் வேகமெடுக்க, புலவர் வீசுகோலால் வில்லை அடித்துப் பாத்திரத்தின் சாவைப் பாடும்போது கோமரத்தாடிக்குச் சாமி வருகிறது. குமரி மாவட்ட வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலில், அருள் வருவதற்கும் கதையின் இறப்புப் பகுதிக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் கோயிலில் இது ஊரளவு விரிகிறது. அங்கே தோற்றம்பாட்டில் பாண்டியன் வதம் பாடப்பட்ட பிறகே பொங்கல் அடுப்புகள் மூட்டப்படுகின்றன. கண்ணகியின் சினம் தணியும் நேரத்துக்காக லட்சக்கணக்கான பெண்கள் காத்திருக்கிறார்கள்.

நாவல் இந்த மனத்தை ஒரே மண்டைக்குள் அடைத்தது. நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' (1970) அனந்தன் நாயரின் நினைவுக்குள்ளேயே திருவனந்தபுரத்தைச் சுற்றிவருகிறது. சிறந்த படைப்புதான். ஆனால் அந்த நினைவை அவரோடு பகிர்ந்துகொள்ள ஊரில் எவரும் இல்லை. இதை வளர்ச்சி என்று மட்டும் எழுதும் இலக்கிய வரலாறு பாதி வரலாறே.

மறுபாதியை மீட்க, ஏடுகளைப் பதிப்பித்தால் மட்டும் போதாது. எல்லையோர ஊர்களில் கொடை இரவுகளை முழுமையாக ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும். எந்த அடியில் யாருக்குச் சாமி வந்தது என்பதையும் குறித்துவைக்க வேண்டும். தமிழ், மலையாளத் துறைகள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.