கேட்பதற்குக் காசு கொடுக்கலாமா? ஒரு பழைய கேள்வியின் வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். நேரமில்லாதவர்கள் வீட்டில் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இன்றைய விடயமும் அதுதான்.

எங்களிடம் சாதாரணதரம் வரை படித்த ஒரு பிள்ளை, இப்போது உயர்தரம் கலைப்பிரிவில் இருக்கிறாள். இரண்டு வருடங்களாகப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தாலும் அரை மணித்தியாலத்துக்கு மேல் வாசிக்க முடிவதில்லை. போன மாதம் அவளுடைய உம்மா ஆசிரியர் அறைக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். "ஸேர், போன்ல புத்தகம் வாசிச்சுக் காட்டுற ஒன்று இருக்காமே, மாசம் மாசம் காசு கட்டணுமாம். அது கட்டினாப் பிரயோசனமா?"

எங்கள் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய உதவிப் பெட்டியில் 60,000 ரூபாவுக்குச் சற்று அதிகமாக இருக்கிறது. உலகில் அதிகம் அறியப்பட்ட ஒலிநூல் சேவையான ஓடிபிளின் அமெரிக்க மாதக் கட்டணம் 14.95 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 4,500 ரூபா, வருடத்துக்கு 54,000 ரூபா. அதாவது பெட்டி கிட்டத்தட்டக் காலி. அதனால் "ஓம்" என்றோ "இல்லை" என்றோ உடனே சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. நாங்கள் வரலாறு கற்பிப்பவர்கள். இதற்கு முன்னர் மனிதர்கள் கேட்பதற்காக என்ன கொடுத்தார்கள், என்ன பெற்றார்கள் என்று தேடிப் பார்த்தோம்.

முதலில் டமஸ்கஸ் நகரத்துக்குப் போவோம். ஹிஜ்ரி ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் அங்கே புத்தகம் என்பது பெரும்பாலும் கேட்கப்படும் பொருள். பள்ளிவாசலிலோ மத்ரஸாவிலோ வீட்டிலோ தோட்டத்திலோ ஒருவர் உரத்து வாசிப்பார். நூலை எழுதியவரோ, அதை அவரிடமிருந்து முறையாகக் கேட்டவரோ அருகில் இருந்து பிழை திருத்துவார். சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். முடிந்ததும் அந்தக் கையெழுத்துப் பிரதியிலேயே ஒரு குறிப்பு எழுதப்படும். யார் முன்னிலையில் வாசிக்கப்பட்டது, யார் வாசித்தார், யார் யார் கேட்டார்கள், எந்த இடம், எந்த நாள் எல்லாம் அதில் இருக்கும். இதற்கு ஸமாஃ என்று பெயர். கேட்டதற்கான சான்று என்று சொல்லலாம். இத்தகைய சான்றுகள் ஆயிரக்கணக்கில் இன்றும் கையிருப்பில் உள்ளன. ஆலிம்களின் பெயர்களோடு வியாபாரிகள், கைத்தொழிலாளர்கள், பெண்கள், அடிமைகள், சிறுபிள்ளைகளின் பெயர்களும் அவற்றில் வருகின்றன. எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் புத்தகத்தின் வாசல் அங்கே திறந்திருந்தது.

எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்தப் பட்டியல்களின் கண்டிப்பு. பிந்தி வந்தவர் எந்தப் பகுதியைத் தவறவிட்டார் என்று குறித்தார்கள். தூங்கி விழுந்தவரையும் பேசிக்கொண்டிருந்தவரையும் குறித்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பொதுவாக "கேட்டது" என்று எழுதாமல் "சமுகமளித்தது" என்றே எழுதினார்கள். சபையில் இருப்பதும் கேட்பதும் ஒன்றல்ல என்று அன்றே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹதீஸைச் சொல்லிக்கொடுக்கக் கூலி வாங்கலாமா என்ற விவாதமும் அந்தக் காலத்து ஆலிம்களிடையே இருந்தது. சிலர் கூடாது என்றார்கள், சிலர் தேவையுள்ளவருக்கு அனுமதித்தார்கள். ஆக, அந்த உம்மா கேட்ட கேள்வி ஒன்றும் புதிதல்ல.

நம் ஊர்களிலும் இதன் சாயல் இருந்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை ஒருவர் ராகத்தோடு படிக்க, இன்னொருவர் பொருள் சொல்ல, ஊரே இருந்து கேட்ட காலத்தை நம் மூத்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். பின்னர் வானொலி வந்தது. அதற்கும் அனுமதிப்பத்திரம் எடுத்துப் பணம் கட்டியவர்கள்தான் நம் வாப்பாமார்.

அடுத்தது கியூபா. 1865இன் கடைசியில் ஹவானா நகரத்து எல் பிகாரோ என்ற சுருட்டுத் தொழிற்சாலையில் ஒரு புது வழக்கம் தொடங்கியது. சுருட்டுச் சுற்றுவதற்குக் கையும் கண்ணும் வேண்டும், காது சும்மா இருக்கும். தொழிலாளர்கள் தங்களில் ஒருவரை வாசிக்க விட்டு, அவர் இழக்கும் கூலியைத் தங்கள் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தார்கள். உலகத்தின் முதல் ஒலிநூல் சந்தா என்று இதைச் சொன்னால் மிகையாகாது என்று நினைக்கிறோம். அடுத்த வருடம் மே மாதமே ஸ்பானிய ஆட்சி அதைத் தடை செய்தது. தொழிலாளர் கேட்கத் தொடங்கினால் கேள்வியும் கேட்பார்கள் என்ற பயம். ஆனாலும் வழக்கம் சாகவில்லை. கியூபாவிலிருந்து புலம்பெயர்ந்த சுருட்டுத் தொழிலாளர்களோடு அது அமெரிக்காவின் புளோரிடாவுக்கும் போனது. டம்பா நகரத் தொழிற்சாலைகளில் வாசிப்பவருக்கு உயரமான மேடை இருந்தது. அதில் செய்தித்தாளும் வாசிக்கப்பட்டது, நாவலும் வாசிக்கப்பட்டது. எந்த நாவல் என்பதைத் தொழிலாளரே வாக்களித்துத் தீர்மானித்தார்கள். கிழமைக்கு கிழமை காசும் அவர்களே கொடுத்தார்கள்.

1931இல் டம்பா முதலாளிமார் அந்த மேடைகளை அகற்றினார்கள். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை. வாசிப்பவரின் இடத்துக்கு வானொலி வந்தது. வானொலிக்குத் தொழிலாளர் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் எதைக் கேட்பது என்று வாக்களிக்கவும் முடியாது. இலவசமாகக் கிடைத்ததில் உரிமை போய்விட்டது. கியூபாவிலோ அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. நமக்குக் கிட்டவும் ஒரு உதாரணம் உண்டு. கேரளத்தின் கண்ணூர்ப் பக்கம் பீடி சுற்றுபவர்கள் ஒருவரைப் பத்திரிகை வாசிக்க விட்டு, அவருக்குரிய பீடிக் கணக்கைத் தாங்கள் சுற்றி நிரப்பினார்கள்.

மூன்றாவது கதை பார்வையற்றவர்களுடையது. எடிசன் 1877இல் போனோகிராபைக் கண்டுபிடித்தார். மறுவருடமே அதன் பயன்களைப் பட்டியலிட்டு எழுதியபோது, பார்வையற்றவர்களுக்குப் பேசும் புத்தகங்களையும் அதில் சேர்த்தார். ஆனால் அக்கருவியில் சில நிமிடங்களே பதியலாம். ஒரு நாவலுக்கு ஒரு அலுமாரி நிறைய உருளைகள் வேண்டியிருந்திருக்கும். அந்தக் கனவு நிறைவேற அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மெதுவாகச் சுழலும் இசைத்தட்டுகள் உருவாக்கப்பட்டன. ஒரு பக்கத்தில் 15 நிமிடமளவில் பதியலாம். 1931இல் அமெரிக்க காங்கிரஸ் பார்வையற்ற வளர்ந்தோருக்கான நூல்களுக்கு வருடம் 100,000 டொலர் ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. 1934இல் பேசும் நூல்களும் அத்திட்டத்தில் சேர்ந்தன. பிரித்தானியாவில் 1935இல் தொடங்கினார்கள். அங்கே முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் இயன் பிரேசர். முதலாம் உலகப் போரில் 1916இல் கண்களை இழந்த போர்வீரர்.

அந்தக் காலத்திலும் எதிர்ப்பு இருந்தது. கேட்கப் பழகினால் பிள்ளைகள் பிரெயிலைக் கைவிட்டுவிடுவார்கள் என்று சிலர் பயந்தார்கள். அதை முற்றாகத் தள்ளிவிட முடியாது. வகுப்பில் நிற்கும் எங்களுக்கு அது தெரியும். கேட்டு மட்டும் படிக்கும் பிள்ளைக்கு விடயம் விளங்கும், ஆனால் லகர ளகரமும் ரகர றகரமும் கையில் நிற்காது. பரீட்சைத்தாள் காதால் எழுதப்படுவதில்லை.

அதன் பிறகுதான் ஒலிநூல் வியாபாரமானது. 1975இல் லொஸ் ஏஞ்சலிஸ் பக்கம் தினமும் நீண்ட தூரம் வாகனம் ஓட்டி அலுத்துப்போன டுவால் ஹெக்ட் என்பவர், முழு நூல்களையும் கசற்றில் பதிந்து தபாலில் வாடகைக்கு விடும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1995இல் டொன் கட்ஸ் ஓடிபிளை ஆரம்பித்தார். 1997இல் அவர்கள் விற்ற கருவியில் இரண்டு மணித்தியால ஒலிதான் கொள்ளும். 2008இல் அமேசன் ஏறத்தாழ 300 மில்லியன் டொலருக்கு அதை வாங்கியது. இடையே 2005இல் ஹியூ மக்குவயர் என்ற கனேடியர் லிப்ரிவொக்ஸைத் தொடங்கினார். பதிப்புரிமை முடிந்த நூல்களைத் தொண்டர்கள் வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவேற்றுகிறார்கள். யாரும் காசில்லாமல் கேட்கலாம். ஆங்கிலத்தின் பழைய நாவல்கள் ஏராளமாக அங்கே உண்டு.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்தோம்.

ஒன்று, உண்மையில் எவ்வளவு கேட்போம்? டமஸ்கஸ்காரர்கள் கேட்டிருப்பார்கள் இதை. ஒருவர் நிமிடத்துக்கு 150 சொல் வாசித்தால், 90,000 சொல்லுள்ள ஆங்கில நாவல் 10 மணித்தியாலம் ஓடும். தினமும் அரை மணித்தியாலம் கேட்பவர் மாதத்தில் 15 மணித்தியாலம் கேட்பார், அதாவது ஒன்றரை நூல். அவருக்கு மாதம் ஒரு நூல் தரும் சந்தா வீணல்ல. கிழமைக்கு ஒரு நாள் மட்டும் கேட்பவர் சமுகமளித்தவர் பட்டியலில்தான் சேர்வார். நம்மில் பலர் உடற்பயிற்சி நிலையத்துக்குக் கட்டிய காசு நினைவுக்கு வரட்டும்.

இரண்டு, எதைக் கேட்பது என்று யார் தீர்மானிக்கிறார்? டம்பாவின் பாடம் இது. சந்தா கட்டுவதற்கு முன் நமக்கு வேண்டிய பத்து நூல்களின் பெயரை எழுதி, அவை அங்கே இருக்கின்றனவா என்று தேடிப் பார்க்க வேண்டும். நாங்கள் தேடினோம். அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியவை அவளுடைய வரலாற்றுப் பாடநூலும் எங்கள் குறிப்புகளும். அவற்றை விற்கும் சேவை ஒன்றையும் நாங்கள் காணவில்லை. அவள் ஆசைப்பட்ட ஆங்கில நாவல்கள் இருந்தன.

மூன்று, காசு நின்றால் என்ன மிஞ்சும்? சில சந்தாக்களில் வாங்கிய நூல் நம் கணக்கில் தங்கும். சிலவற்றில் கட்டணம் நின்ற அன்றே எல்லாம் மூடப்படும். சேர்வதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு அந்தப் பிள்ளையிடமே போய்க் கேட்டோம். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நாங்கள் பெரியவர்கள் கூடி ஒரு மாதம் கதைத்த பிறகுதான் அது எங்களுக்குத் தோன்றியது. அவள் சொன்னது இதுதான்: "ஸேர், கதை கேட்க ஆசைதான். ஆனா நோட்ஸ யாராவது வாசிச்சுத் தந்தா நான் பாஸ் பண்ணிருவேன்."

எங்கள் தீர்மானம் இது. மூன்று மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டுகிறோம், 13,500 ரூபா. நூலை அவளே தெரிவு செய்வாள். மாதம் ஒரு நூலாவது முடிகிறதா என்று அவளே குறித்து வைப்பாள். முடியவில்லையென்றால் வெட்கப்படாமல் நிறுத்திவிடுவோம். மீதிப் பணத்தில் ஒரு நல்ல ஒலிவாங்கி வாங்குகிறோம். பிரெயில் கற்றுக்கொடுக்கும் ஒருவரிடம் அவள் போய்வரப் பயணச் செலவும் அதிலிருந்தே.

குறிப்புகளை வாசிப்பது நம் வேலை. 200 பக்கம் இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று நிமிடம் என்றால் 600 நிமிடம், அதாவது 10 மணித்தியாலம். 20 பேர் ஆளுக்கு அரை மணித்தியாலம் வாசித்தால் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் முடியும். அச்சு நூலை வாசிக்க முடியாதவர்களுக்காக நூல்களை மாற்றிக் கொடுப்பதை எளிதாக்கும் மரகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவானது, நம் நாடும் அதில் இணைந்திருக்கிறது. ஆகவே பாடநூலையும் முறைப்படி விசாரித்துக்கொண்டு அடுத்ததாகச் செய்யலாம். இந்தப் பதிவுகள் அவளோடு முடியாது. அடுத்த வருடம் இன்னொரு பிள்ளை வரும், அதற்கும் இருக்கும்.

வரும் வெள்ளி அஸருக்குப் பிறகு பாடசாலை நூலகத்தில் தொடங்குகிறோம். தெளிவாகத் தமிழ் வாசிக்கும் எவரும் வரலாம். உம்மாமாரும் வாங்க, வீட்டிலிருந்தே பதிந்து அனுப்பவும் வழி செய்திருக்கிறோம். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் யார் வாசித்தார், எந்த நாள், எந்த இடம் என்று சொல்லி முடிப்போம். கேட்டவர் பெயரை அவளே சேர்த்துக்கொள்வாள்.