கொன்றது கோடையல்ல!

கோடை வந்தது, குழந்தைகள் மாண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாட்டு மாநகரங்களின் இறப்புக் கணக்கைப் புரட்டுவோர் இவ்விரு செய்திகளையும் அருகருகே காண்பர். நியூயார்க் நகரத்தில் ஜூலை, ஆகஸ்டு திங்கள்கள் வந்துவிட்டால் சேரிகளில் சிறு சவப்பெட்டிகள் வரிசையாகச் செல்லும். வயிற்றோட்டம் காணும், கண்கள் குழி விழும், உதடு வறளும், ஓரிரு நாளில் தொட்டில் வெறுமையாகும். இந்நோய்க்குக் 'கோடைப் பிணி' என்று பெயரும் சூட்டிவிட்டனர். பெயர் சூட்டியாயிற்று, இனிக் காரணம் தேடுவானேன் என்று வாளாவிருந்தனர். வெயில் வந்தால் குழந்தை சாகும். அது இயற்கை, அது ஆண்டவன் சித்தம் என்று ஆறுதல் கூறப் பலர் இருந்தனர். ஏன் என்று கேட்கச் சிலரே இருந்தனர்.

கேட்டிருக்க வேண்டிய கேள்வியோ மிக எளிது. மாளிகைக்கும் குடிசைக்கும் ஞாயிறு ஒன்றுதானே! அவ்வாறிருக்க, ஏழை வீட்டுத் தொட்டில்களே மிகுதியாக வெறுமையானது ஏன்? ஒரே தெருவில் தாய்ப்பால் பருகிய குழந்தை பிழைத்திருக்க, புட்டிப்பால் பருகிய குழந்தை மாண்டது ஏன்? வெயில்தான் கொலைகாரன் என்றால் அவன் ஆள்பார்த்தா அடிக்கிறான்?

காரணம் தேடியவர்களும் நெடுங்காலம் தவறான இடத்திலேயே தேடினர். பழி பல்லின் மீது விழுந்தது! பல் முளைக்கும் பருவத்தில் வயிற்றோட்டம் காண்கிறது. ஆகவே பல்தான் நோய்க்கு வித்து என்றனர். இங்கிலாந்தின் அரசாங்கப் பதிவேட்டிலேயே 'பல் முளைத்தல்' என்பது சாவுக்குக் காரணமாக எழுதப்பட்டது. ஈற்றைக் கத்தியால் கீறிப் பல்லுக்கு வழிவிடும் பழக்கம் மருத்துவர்களிடையே நெடுங்காலம் நிலவியது. உண்மை என்ன? பல் முளைக்கத் தொடங்கும் ஆறாம் திங்களை ஒட்டித்தான் தாய்ப்பாலோடு வேறு உணவும் வாய்க்குள் செல்கிறது. கையில் அகப்பட்டதையெல்லாம் குழந்தை கடிக்கிறது. நஞ்சு நுழைந்த வழி அது. பல்லோ அந்த நேரத்தில் தற்செயலாக வாயிலில் நின்ற அப்பாவி! இரண்டு நிகழ்ச்சிகள் ஒருங்கே நிகழ்ந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று முடிவு கட்டும் இந்தப் பிழையை நம் நாட்டுத் திண்ணைகளிலும் இன்றுவரை கேட்கிறோம் அல்லவா?

அறியாமை இருக்குமிடத்தில் வாணிகம் கடை விரிக்காமல் இருக்குமா? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பாங்கர் நகரில் 1849இல் ஒரு மருந்து விற்பனைக்கு வந்தது. 'திருமதி வின்ஸ்லோவின் ஆற்றுப் பாகு' என்பது அதன் பெயர். அழும் குழந்தைக்கு ஒரு கரண்டி, அழுகை நின்றுவிடும். அன்னையும் மழலையும் அகமகிழ்ந்திருக்கும் வண்ணப்படங்கள் அதற்கு விளம்பரமாயின. புட்டிக்குள் இருந்ததோ மார்பின், அபினியின் சாரம்! குழந்தை உறங்கியது, பல வீடுகளில் அது மீண்டும் விழிக்கவேயில்லை. நோயால் அழுத குழந்தையின் வாயை அடைத்ததால், நோய் உள்ளே வளர்வதும் தாய்க்குத் தெரியாமற் போயிற்று. இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் 'காட்ஃபிரேயின் மருந்து' என்ற அபினிப் பாகு இதே வேலையைச் செய்தது. பம்பாயில் ஆலைக்குச் சென்ற தாய்மார் குழந்தைக்கு அபினி உருண்டை கொடுத்துச் சென்ற கொடுமை, 1931இல் வெளிவந்த இந்தியத் தொழிலாளர் ஆணைக்குழுவின் அறிக்கையிலும் இடம்பெற்றது.

இதைப் படித்ததும் தாயைத் தூற்றத் துடிக்கும் நாவுகள் உண்டு. பொறுங்கள்! நாள் முழுவதும் இயந்திரத்தோடு இயந்திரமாக நின்றால்தான் கூழ் என்ற நிலையில் அவளை நிறுத்தியது யார்? குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம் கட்டித்தராத முதலாளியின் கணக்கில் எழுத வேண்டிய குற்றத்தை, கூலிக்காரப் பெண்ணின் தலையில் எழுதுவது எந்த நீதி?

புட்டியில் ஊற்றிய பாலின் கதை இன்னும் கொடிது. நியூயார்க்கில் சாராய ஆலைகளை ஒட்டி மாட்டுக் கொட்டடிகள் இருந்தன. ஆலைக் கழிவே பசுக்களின் தீனி. வால் அழுகி, உடல் புண்பட்டு நின்ற அம்மாடுகளிடம் கறந்த பால் நீலம் பாரித்திருக்கும். அதற்கு வெண்மையூட்டச் சுண்ணத்தூளும் மாவும் கலந்து, 'நாட்டுப்புறத்துத் தூய பால்' என்று கூவி விற்றனர். 1858இல் ஃபிராங்க் லெஸ்லி என்பார் தம் படக் கிழமை இதழில் இந்தக் கொட்டடிகளைப் படம்பிடித்துக் காட்டினார். நகரம் கொதித்தது, 1862இல் அப்பாலுக்கு எதிராக மாநிலச் சட்டம் பிறந்தது. பின்னும் ஒரு பகைவன் இருந்தான். நீண்ட ரப்பர்க் குழாய் பொருத்திய பால்புட்டி! தாய் அருகில் இல்லாமலே குழந்தை உறிஞ்சலாம் என்று அதனைப் புகழ்ந்தனர். குழாயின் உள்ளே கழுவ வழியில்லை; கோடைச் சூட்டில் பால் புளித்துக் கிருமிகள் பெருகின. பிரான்சு நாடு 1910இல் அதன் விற்பனையைச் சட்டத்தால் தடுத்தது.

ஆம்! கொன்றது கோடையல்ல. கோடை செய்தது, கெட்ட பாலை விரைந்து கெடுத்தது ஒன்றே. கிருமியின் வேலையைப் பாஸ்டர் உலகுக்கு உணர்த்தினார். குழந்தைகளின் குடலில் வாழும் கிருமிகளை 1885இல் தியோடர் எஷரிக் என்ற மருத்துவர் கண்டு விளக்கினார். காரணம் தெரிந்ததும் வழியும் திறந்தது. வணிகர் நேத்தன் ஸ்ட்ராஸ் 1893ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கின் கிழக்குக் கரையில், காய்ச்சிக் கிருமி நீக்கிய பாலை ஏழைகளுக்கு வழங்கும் நிலையத்தைத் திறந்தார். கைவிடப்பட்ட குழந்தைகள் வளர்ந்த ராண்டல்ஸ் தீவில் அவர் அமைத்த பாலகம் வந்தபின், அங்குச் சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பாஸ்டனில் 1894இல் ஒரு கப்பலே குழந்தை மருத்துவமனையாயிற்று. புழுங்கும் சந்துகளிலிருந்து நோயுற்ற மழலைகளையும் அன்னையரையும் ஏற்றிக்கொண்டு பகலெல்லாம் கடற்காற்றில் மிதந்தது அது. அதைத் தொடங்கியவர் ரூஃபஸ் டோபி என்ற பாதிரியார். வானத்தை நோக்கி வேண்டிக்கொண்டிராமல், கப்பலை வாடகைக்குப் பிடித்த அறிவை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

எனினும் பாலும் கப்பலும் சில ஆயிரவரை எட்டின. வீடுதோறும் எட்டியவர் ஒரு பெண்மணி. டாக்டர் சாரா ஜோசபின் பேக்கர், 1898இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 'நரகத்தின் அடுக்களை' என்று பெயர் பெற்ற நியூயார்க் சேரியில் மாடிமாடியாக ஏறி இறங்கிச் சாகும் குழந்தைகளைக் கண்டவர். நோய் வந்தபின் ஓடுவதைவிட நோய் வராமற் காப்பதே அறிவு என்று அவர் துணிந்தார். 1908ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் வேலையின்றி இருந்த பள்ளிச் செவிலியர் முப்பதின்மரைப் பெற்றார். பிறப்புப் பதிவேட்டிலிருந்து முகவரிகளை எடுத்தார். குழந்தை பிறந்த செய்தி வந்த மறுநாளே செவிலி அந்த வீட்டு வாயிலில் நின்றாள். அவள் கொண்டு சென்றது மந்திரமன்று, மருந்துமன்று. தாய்ப்பால் கொடு, சன்னலைத் திற, நாள்தோறும் குளிப்பாட்டு, சுற்றிக் கட்டிய கனத்த துணிகளை அவிழ்த்து மெல்லாடை அணிவி, வெயில் தாழ்ந்ததும் வெளிக்காற்றில் தூக்கிச்செல். இவ்வளவே! அக்கோடையின் முடிவில் கணக்கெடுத்தபோது, அந்தப் பகுதியில் முந்தைய ஆண்டைவிட 1,200 குழந்தைகள் குறைவாக மாண்டிருந்தன. 1,200 தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன என்று சொல்வது பொருந்தும்.

நகரம் அவ்வாண்டே குழந்தை நலத்துறையை அமைத்து அவரைத் தலைவராக்கியது. பெண்ணின் கீழ்ப் பணியாற்றுவதா என்று ஆண் மருத்துவர்கள் விலக முற்பட்ட கதையையும், குழந்தைகள் நலமாக இருப்பதால் தங்கள் தொழில் கெடுகிறது என்று புரூக்ளின் மருத்துவர்கள் மேயரிடம் முறையிட்ட கதையையும் 1939இல் வெளியிட்ட தம் வரலாற்றில் பேக்கர் எழுதிவைத்தார். நியூயார்க் பல்கலைக்கழகம் அவரைச் சொற்பொழிவாற்ற அழைத்தது. ஆனால் பெண் என்பதால் மாணவியாகச் சேர்க்க மறுத்தது. சேர்க்காவிட்டால் சொற்பொழிவும் இல்லை என்றார் அவர். பல்கலைக்கழகம் பணிந்தது, 1917இல் பொதுநல மருத்துவத்தில் அவர் முனைவரானார்.

அவர் வகுத்த ஏற்பாடுகளுள் 'சிறு தாயர் கழகம்' ஒன்று. தாய் வேலைக்குச் செல்ல, பன்னிரண்டு வயதுச் சிறுமியர் தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்தனர். அவர்களுக்குக் குளிப்பாட்டவும் பாலூட்டவும் விளையாட்டுக் காட்டவும் பள்ளியில் பயிற்சி தந்தனர். பயன் பெரிது, மறுக்கவில்லை. ஆயினும் ஆசிரியத் தொழில் புரியும் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. அந்த வகுப்பில் சிறுவர் ஏன் இல்லை? தம்பியைத் தாலாட்டினால் அண்ணனின் ஆண்மை குறைந்துவிடுமா? அக்காள் இடுப்பில் குழந்தையும் அண்ணன் கையில் புத்தகமும் என்று பிரித்துவைத்த ஏற்பாட்டை அங்கும் எவரும் அசைக்கவில்லை. இங்கு நாம் அசைக்க வேண்டும்.

ஆற்றுப் பாகு என்னாயிற்று? புட்டிக்குள் மார்பின் உண்டு என்பதை மேற்சீட்டில் எழுதியே தீரவேண்டும் என்று 1906இல் சட்டம் வந்தது. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதனைக் குழந்தைக் கொல்லிகளின் பட்டியலில் சேர்த்தது. எழுத்து வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் நஞ்சு நாளடைவில் மதிப்பிழந்தது.

கதையின் கடைசி ஏடு நம் நாட்டு எல்லையிலேயே எழுதப்பட்டது. 1971இல் கிழக்கு வங்கத்து அகதிகள் குவிந்த பங்காவ் முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் நீர்ப்புட்டிகள் தீர்ந்தன. டாக்டர் திலீப் மகலனபிஸ் ஒரு லிட்டர் நீரில் 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு கலந்து, உறவினர் கையாலேயே நோயாளிக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கிற்று. வயிற்றோட்டம் என்றால் தண்ணீர் கொடுக்காதே என்ற பழமொழி அன்று தோற்றது.

தோழர்களே, இக்கோடையில் நம் தெருக்களில் சொல்ல வேண்டிய செய்திகள் சிலவே. ஆறு திங்கள்வரை தாய்ப்பால் ஒன்றே போதும். அதில் பெரும்பகுதி நீர்தான். தாகம் என்று சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது தீங்கு. மெல்லிய பருத்தித் துணி, நிழல், காற்றாடும் தூளி, தாலாட்டு, கிலுகிலுப்பை: அழுகையை ஆற்ற இவை போதும். வயிற்றோட்டம் கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரைக, தாய்ப்பாலை நிறுத்தற்க. கண்ணேறு கழிக்கும் நேரத்தில் குழந்தையின் உடல்நீர் வற்றுகிறது. தாயத்து முடியும் நேரத்தில் உயிர் நழுவுகிறது.

ஞாயிற்றை நம்மால் தணிக்க இயலாது. பாலைக் காய்ச்சலாம், புட்டியைக் கழுவலாம், சன்னலைத் திறக்கலாம், தாய்க்கு ஓய்வும் கூலியும் காப்பகமும் கேட்டுப் போராடலாம். விதி என்று எழுதிவைத்ததை 1908இல் முப்பது செவிலியர் ஒரே கோடையில் அழித்தெழுதினர். நம்மிடம் இளைஞர் எத்தனை ஆயிரவர்!