விலை சொல்லும் உரிமை



கோவையின் வரலாற்றைத் தொழில்முனைவோரின் வரலாறாகச் சொல்வது வழக்கம். 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை, 1932இல் பைக்காரா மின்சாரம், 1937இல் ஜி.டி. நாயுடுவின் மின்மோட்டார் என்று அந்தக் கதை வளரும். அவிநாசி சாலையில் நாயுடுவின் நினைவைச் சொல்லும் அருங்காட்சியகமும் இருக்கிறது. அது இருக்க வேண்டியதுதான். நாம் கேட்பது வேறு: மோட்டார் வருவதற்கு முன் கொங்குக் கிணறுகளிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவந்தது எது?

எருது பூட்டி இறைக்கும் கவலை. அதற்கான தோல்சாலைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். செத்த மாட்டை உரிப்பது, தோலைப் பதப்படுத்துவது, ஒழுகாமல் தைப்பது, கிழிந்தால் ஒட்டுப்போடுவது என்று மூலப்பொருள் முதல் பழுதுபார்ப்பு வரை எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: தன் பொருளுக்குத் தானே விலை சொல்லும் உரிமை. பண்ணையக்காரர் களத்தில் அளந்து போட்ட தானியமே விலை. பம்புசெட்டு வந்தபோது வேளாண்மை முன்னேறியது என்று வரலாறு பதிந்தது. ஒரு சமூகத்தின் கைத்திறன் செல்லாக்காசானதை அதே பக்கத்தில் பதியவில்லை.

அந்த உரிமையை எடுத்துக்கொண்டவர்களும் நம்மிடையே உண்டு. கோவையில் படித்து, நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று விலையே பெயரானது. இரங்கூனில் வணிகம் செய்த பெ.மா. மதுரைப்பிள்ளை புலவர்கள் பாடும் வள்ளலாக வாழ்ந்தார். இவர்களை அறிவாளர்களாகவும் கொடையாளர்களாகவும் நினைவுகூர்கிறோம். சந்தா சேர்த்து, அச்சுக்கூலி கொடுத்து, கணக்கெழுதி ஒரு நிறுவனத்தை நடத்தியவர்களாக நினைவுகூர்வதில்லை.

இன்றைய நிலை என்ன? 2005ஆம் ஆண்டின் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் தொழில் நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்குச் சொந்தமானவை 9.8 விழுக்காடு. மக்கள்தொகையிலோ அவர்கள் 16 விழுக்காட்டுக்கு மேல். சந்தைக்குச் சாதி இல்லை என்பவர்கள், சேரிக்காரர் வைத்த டீக்கடையில் ஊர்க்காரர் எத்தனை பேர் டீ குடிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே நமக்கென ஒரு மக்கள் அருங்காட்சியகம் வேண்டும். அதில் ஓர் ஆபத்தும் உண்டு. வென்ற சிலரின் படங்களை மட்டும் மாட்டினால், “முயன்றால் முடியும், இடஒதுக்கீடு எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு நாமே மேடை போட்டுக் கொடுத்ததாகும். அமெரிக்காவின் துல்சா நகரில் கிரீன்வுட் என்ற கறுப்பின வணிகப் பகுதியை 1921இல் வெள்ளையர் கும்பல் எரித்தது. நூறாண்டு கழித்து, 2021இல் அங்கே திறக்கப்பட்ட வரலாற்று மையம் கடைகளின் செழிப்பையும் சொல்கிறது, தீயையும் சொல்கிறது. நமக்கு இது அந்நியக் கதை அல்ல. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டபோது, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துச் சேர்த்த பொருள்களே எரிந்தன. நாம் முன்னேறுவதே சிலருக்குக் குற்றமாகத் தெரிகிறது என்பதையும் நம் காட்சிக்கூடம் சொல்ல வேண்டும்.

மின்மோட்டாருக்குப் பக்கத்தில் தோல்சாலை வைப்போம். தாட்கோ கடன் அட்டை, வங்கி திருப்பி அனுப்பிய விண்ணப்பம், தையற்கடையின் கணக்கு நோட்டு, முதல் கடையின் பெயர்ப்பலகை ஆகியவற்றை வைப்போம். வாஷிங்டனில் 2016இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம், குடும்பங்களின் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடந்த பொருள்களைத் தேடிச் சேர்த்தே வளர்ந்தது. நம் வீட்டுப் பரண்களிலும் வரலாறு கிடக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் தெருவில் தோல் தைத்தவர், இட்லிக்கடை போட்டவர், வார்ப்படப் பட்டறையில் வேலை கற்றுத் தனிப்பட்டறை வைத்தவர் யாரென்று கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டு எழுதி வாருங்கள்: “உங்கள் பொருளுக்கு நீங்களே விலை சொன்ன முதல் நாள் எது?”