மெய்நிகர் கணினியில் வட்டுப் பதுக்கம்

மெய்நிகர் கணினி (கெஸ்ட்) தன் வட்டில் எழுதுவதும் படிப்பதும், அதைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியின் நினைவகத்தில் இடையில் தங்கிச் செல்வதே வட்டுப் பதுக்கம். கெஸ்ட்டுக்கு முழு வட்டாகத் தெரிவது, ஹோஸ்ட்டில் பெரும்பாலும் ஒரு கோப்புதான். அதனால் ஒரே தரவு கெஸ்ட்டின் பேஜ் கேஷில் (கெர்னல் கோப்புத் தரவை வைத்திருக்கும் நினைவகப் பகுதி) ஒரு முறை, ஹோஸ்ட்டின் பேஜ் கேஷில் இன்னொரு முறை என இரண்டு இடங்களில் நினைவகத்தை அடைக்கக்கூடும். லினக்ஸில் பரவலாகப் புழங்கும் மெய்நிகராக்க மென்பொருள்களான கியூஎமு–கேவிஎம் இணையை வைத்து இது இங்கே விளக்கப்படுகிறது. கியூஎமுவை ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்டார். கேவிஎம் 2007இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது.

ஒரு தரவுத்தளம் பரிவர்த்தனையை உறுதிசெய்யும்போது, தரவை வட்டில் எழுதி முடிக்கக் கோரும் எஃப்சிங்க் அழைப்பை விடுக்கிறது. கெஸ்ட்டின் கெர்னல் அதை ஃபிளஷ் கட்டளையாக மெய்நிகர் வட்டுக்கு அனுப்புகிறது. கியூஎமு அதை வாங்கி ஹோஸ்ட்டிடம் கொடுக்க, ஹோஸ்ட் தன் பக்கங்களை எழுதிவிட்டு, உண்மையான வட்டின் உள்நினைவகத்தையும் காலிசெய்யச் சொல்கிறது. இவ்வளவும் முடிந்த பிறகே ‘எழுதியாயிற்று’ என்ற பதில் திரும்ப வேண்டும். இடையில் ஒரு கண்ணி பொய் சொன்னாலும், மின்சாரம் போகும்போது உறுதிசெய்த பரிவர்த்தனையே காணாமல் போகும்.

கியூஎமுவின் ஐந்து பதுக்க முறைகளும் இந்தச் சங்கிலியை வெவ்வேறு விதமாகக் கையாள்கின்றன. ரைட்பேக் முறை ஹோஸ்ட்டின் பேஜ் கேஷைப் பயன்படுத்தும், ஃபிளஷ் கட்டளையையும் மதிக்கும்; 1.2 பதிப்பு முதல் இதுவே இயல்புநிலை. ‘நன்’ முறை ஹோஸ்ட்டின் பேஜ் கேஷைத் தாண்டி நேரே வட்டுக்குப் போகும், ஆனால் வட்டின் சொந்த உள்நினைவகத்தை விட்டுவைக்கும். ரைட்த்ரூ, டைரக்ட்சிங்க் இரண்டும் ஒவ்வோர் எழுதலையும் வட்டில் உறுதிசெய்த பிறகே நகர்வதால் மெதுவானவை. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் வன்வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். சிறு எழுதல்கள் ஒவ்வொன்றுக்கும் இப்படிக் காத்திருந்தால் வேகம் நொடிக்கு நூற்றுச்சொச்சத்தில் நின்றுவிடும். அன்சேஃப் முறை ஃபிளஷ் கட்டளையைக் கண்டுகொள்வதே இல்லை.

ரைட்பேக் ஆபத்தானது என்ற பேச்சு பழைய கெஸ்ட்களுக்கே பொருந்தும். ஃபிளஷ் அனுப்பத் தெரிந்த இன்றைய இயங்குதளங்களில் அதுவும் ‘நன்’ அளவுக்குப் பாதுகாப்பானதே. ஆனாலும் சேவையகங்களுக்கு ‘நன்’ முறையே பொருத்தம்: நினைவகம் இரட்டையாகச் செலவாகாது, ஹோஸ்ட்டில் எழுதப்படாத பக்கங்கள் குவிந்து திடீரெனத் திணறலும் வராது. மெய்நிகராக்கத் தளமான பிராக்ஸ்மாக்ஸின் இயல்புநிலையும் இதுதான்.

வேகத்தை அளப்பதில் ஒரு பொறி உண்டு. கெஸ்ட்டுக்குள் வட்டு வேகத்தை அளக்கும் எஃப்ஐஓ கருவியை ‘டைரக்ட்=1’ என்று ஓட்டினால் தாண்டப்படுவது கெஸ்ட்டின் பேஜ் கேஷ் மட்டுமே. ஹோஸ்ட் ரைட்பேக்கில் இருந்தால் கிடைக்கும் எண் பெரும்பாலும் ஹோஸ்ட் நினைவகத்தின் வேகம், வட்டின் வேகமல்ல. சோதனைக் கோப்பு ஹோஸ்ட்டின் நினைவகத்தைவிடப் பெரிதாக இல்லையென்றால் அந்த எண்ணை நம்பக் கூடாது.

செயல்திறனைப் பதுக்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பழைய ஐடிஇ வட்டைப் போலப் பாவனை செய்வதைவிட, மெய்நிகராக்கத்துக்கென்றே ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்த விர்ட்ஐஓ மிக வேகமானது. அதில் கெஸ்ட்டிலிருந்து ஹோஸ்ட்டுக்குத் தாவும் தடவைகள் வெகுவாகக் குறைகின்றன. கியூஎமுவின் கியூகவ்2 வடிவ வட்டுக் கோப்பில், தரவு எங்கே இருக்கிறது என்று காட்டும் எல்2 அட்டவணைக்கும் தனிப் பதுக்கம் உண்டு. இயல்பான 64 கிலோபைட் கிளஸ்டருக்கு (கோப்பு பிரிக்கப்படும் துண்டு), 1 எம்பி பதுக்கம் 8 ஜிபி வட்டைத்தான் முழுதாகத் தாங்கும். 3.1 பதிப்புக்கு முந்தைய கியூஎமுவில் இயல்பளவு அந்த 1 எம்பிதான். பெரிய வட்டில் இங்கும் அங்குமாகப் படிக்கும் வேலை அதில் தடுமாறியதற்கு இது முக்கியக் காரணம். 3.1இல் லினக்ஸுக்கு உச்சவரம்பு 32 எம்பியாக உயர்ந்து, 256 ஜிபி வரை தாங்கியது.

இயங்குதளத்தை நிறுவுவது, சோதனைக்காக உருவாக்கி அழிப்பது போன்ற வேலைகளில் அன்சேஃப் நேரத்தை மிச்சப்படுத்தும். அந்த வேலை முடிந்ததும், உண்மையான தரவு உள்ளே வருமுன், அதை மாற்றிவிட வேண்டும்.