கொம்யூனும் கொள்ளைநோயும்: வில்லியனூர், பாகூர்

1880 மார்ச் 12ஆம் நாள் பிரெஞ்சு அரசு பிறப்பித்த ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் நகராட்சி முறை தொடங்கியபோது, புதுச்சேரிப் பகுதி நான்கு கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டது; அவற்றுள் வில்லியனூரும் பாகூரும் இரண்டு. ஊர்கள் பலவற்றைச் சேர்த்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் அதன் தலைவரான மேயரும் நிர்வகித்த உள்ளாட்சி அலகே கொம்யூன் எனப்பட்டது. பிறப்பு இறப்புப் பதிவேடுகள் அதன் பொறுப்பில் இருந்தமையால், வாந்திபேதியோ வைசூரியோ பரவிச் சாவு மிகும்போது, அதை எழுத்தில் காட்டக்கூடிய முதல் இடமும் கொம்யூன் அலுவலகமே.

மருத்துவமோ நகரில்தான் குவிந்தது. 1823இல் தோன்றிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் மரபில் வந்த ஜிப்மர் 1964இல் இப்பெயர் பெற்று, பின்னாளில் வில்லியனூருக்கு அருகே இராமநாதபுரத்தில் ஊரக நலவாழ்வு மையம் ஒன்றை நடத்திவந்தபோதிலும், சுற்றுவட்டார ஏழை நோயாளிகளின் கால்கள் ஜிப்மர் மருத்துவமனை அமைந்த கோரிமேட்டையே நாடின. தனியார் மருத்துவக் கல்லூரிகள் பெருகியபோது இந்நிலை சற்று மாறியது. அரியூர், கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் ஆகிய சிற்றூர்களில் பல நூறு படுக்கைகள் கொண்ட மருத்துவமனைகள் எழுந்தன. இவ்வளவு சிறிய ஊரகப் பரப்பில் இத்தனை மருத்துவக் கல்லூரிகள் அமைவது இந்தியாவில் அரிது. அவை நோயின் தேவையைவிடக் கல்விக் கட்டணத்தின் கணக்கை ஒட்டி எழுந்தவை என்பதும் மறுக்கத்தக்கதன்று.

மருத்துவமனைகள் பெருகிய காலத்தில் உள்ளாட்சி தேய்ந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் கொம்யூன்களைக் கொம்யூன் பஞ்சாயத்துகளாக மாற்றியமைத்தது. ஆயினும் 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் நடக்க 2006 வரை, அதாவது 38 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் மறுதேர்தல் நடக்கவில்லை. ஆணையர்களே நிர்வாகத்தைப் பார்த்துவந்தனர்.

2020 மார்ச் 24 இரவு அறிவிக்கப்பட்ட நாடு தழுவிய கொரோனா ஊரடங்கு இந்த வெற்றிடத்தின்மீதுதான் வந்து இறங்கியது. அதற்கு அடிப்படையான 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஆணையத்தில் உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி ஒருவரை இணைத்தலைவராக அமர்த்தச் சொல்கிறது. புதுச்சேரியில் அவ்வாறு அமர்த்தத்தக்கவர் எவரும் அப்போது இல்லை. நோய் கண்ட தெருவின் முனையில் சவுக்குக் கழிகளைக் குறுக்கே கட்டுவது, உள்ளே அடைபட்டவர்களுக்கு அரிசியும் பாலும் சேர்ப்பது, கபசுரக் குடிநீர் வழங்குவது, வெளியூரிலிருந்து திரும்பியவரின் கதவில் ஒட்டுவில்லை ஒட்டுவது ஆகிய யாவும் வருவாய்த்துறை, கொம்யூன் ஊழியர்களின் தலையிலும், துணை சுகாதார நிலையத்துக் கிராம செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோரின் தலையிலும் விழுந்தன. எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார் என்பது பலகாலப் பழக்கத்தால் செவிலியருக்குத் தெரிந்திருந்தது. ஊரக மருத்துவ அமைப்பின் தாங்குதிறன் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இந்த அறிவையே முதலில் சொல்ல வேண்டும்.

எல்லை வேறொரு சிக்கலாயிற்று. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் விட்டுச்சென்ற கோடுகளால் புதுச்சேரிப் பகுதி பன்னிரண்டு துண்டுகளாகக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கிடையே சிதறிக்கிடக்கிறது. பாகூர்ப் பக்கத்தில் வீடு ஓர் ஆட்சிப் பரப்பிலும் வயல் மற்றோர் ஆட்சிப் பரப்பிலும் இருப்பது புதுமையன்று. எல்லைகள் மூடப்பட்டபோது, தமிழகச் சிற்றூர்களின் நோயாளிகள் புதுச்சேரி மருத்துவமனைகளை அடைவதும் தடைப்பட்டது. மாநில எல்லையைக் காப்பது ஆட்சியியல் நோக்கில் எளிய கொள்கை. மருத்துவமனையின் சேவைப் பரப்போ அந்த எல்லைக்குள் அடங்குவதில்லை.

கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி கொரோனா மருத்துவமனையாக்கப்பட்டு, தனியார் கல்லூரிகளின் படுக்கைகளும் நாடப்பட்டமையால் முதல் அலையில் படுக்கை எண்ணிக்கை ஓரளவு கைகொடுத்தது. இரண்டாம் அலையோ அரசியல் குழப்பத்தோடு சேர்ந்து வந்தது. 2021 பிப்ரவரி 22இல் நாராயணசாமி அரசு கவிழ்ந்தது. ஏப்ரல் 6இல் தேர்தல் நடந்தது. மே 7இல் முதல்வராகப் பதவியேற்ற ரங்கசாமி இரண்டு நாள்களில் தொற்றுக்குள்ளாகிச் சென்னையில் சிகிச்சை பெற்றார். ஏனைய அமைச்சர்கள் பதவியேற்றது ஜூன் 27இல்தான். அதாவது சாவுகள் மிகுந்த வாரங்களில் புதுச்சேரிக்குச் சுகாதார அமைச்சர் என்று தனியாக ஒருவர் இல்லை. ஊரில் பஞ்சாயத்துத் தலைவரும் இல்லை, தலைநகரில் அமைச்சரவையும் இல்லை என்ற அந்நாள்களில் ஆணைகள் துணைநிலை ஆளுநர், அதிகாரிகள் வழியாகவே இறங்கின. அவ்வாண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்ட உள்ளாட்சித் தேர்தலும் வழக்குகளில் சிக்கி நின்றுபோக, தடுப்பூசி போடாதவர்களை வீடு வீடாகத் தேடிக் கண்டறியும் பணி மீண்டும் செவிலியர்களின் கைக்கே வந்து சேர்ந்தது.