வண்டியில் ஓர் இடம்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழா நிகழ்கிறது. நெடுங்காலமாக இந்த நாள்கள் மாறவில்லை. அங்கே போய்ச் சேரும் விதமோ தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்திருக்கிறது. நம் குடும்பங்களின் பயண வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு வேளாங்கண்ணிச் சாலையைவிட நல்லதோர் ஏடு கிடைப்பது அரிது. வாழ்நாளில் நெடும்பயணம் என்று ஒன்றோ இரண்டோ மட்டும் மேற்கொண்ட ஏழைக் குடும்பங்கள் பலவும் அதனை இந்தச் சாலையில்தான் மேற்கொண்டன.

கூண்டு வண்டிக் காலத்தை நம் மூத்தோர் சிலர் இன்னும் நினைவில் வைத்திருக்கின்றனர். வண்டியின் அடியில் வைக்கோலைப் பரப்பி, மேலே சாக்கும் சமுக்காளமும் விரிப்பார்கள். மாட்டுக்குத் தீவனம் ஒருபுறம், மனிதருக்குப் புளிச்சோற்று மூட்டை மறுபுறம். அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் இருபது, முப்பது கிலோமீட்டர் கடந்தால் பெரிது. பொழுது சாய்ந்த இடத்தில் சத்திரமோ மரத்தடியோ தங்குமிடம் ஆகும். இவற்றைக் காட்டிலும் நம் கருத்தைக் கவர்வது, அவ்வண்டியில் யார் ஏறினர், யார் ஏறவில்லை என்பதே. வண்டிக்கு உடையவர் பெரும்பாலும் நடந்தார். பாட்டிமாரும் கைக்குழந்தைகளும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களும் உள்ளே அமர்ந்தனர். வண்டி இல்லாத அண்டை வீட்டாரின் மூட்டையும் அதே வண்டியில் ஏறியது. அவர்கள் சக்கரத்தை ஒட்டி நடந்து வந்தனர். கால் சோர்ந்த பிள்ளையை எந்த வண்டியிலும் தூக்கிப் போடலாம். அது யாருடைய பிள்ளை என்று எவரும் கேட்பதில்லை.

பாஸ்கா விழா முடிந்து திரும்பிய மரியாவும் யோசேப்பும் பன்னிரண்டு வயது மகனைக் காணாமலே ஒரு நாள் பயணம் நடந்துவிட்டனர் என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. இக்காலத்துப் பெற்றோருக்கு இது வியப்பாகத் தோன்றும். கூண்டு வண்டித் திருப்பயணம் கண்டவர்களுக்கு வியப்பே இராது. உறவினர், ஊரார் கூட்டத்தில் எங்கேனும் பிள்ளை இருப்பான் என்பதே அன்றைய பயணத்தின் இயல்பு.

இருப்புப்பாதை இப்பகுதிக்கு முன்னமே வந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861-இலும், திருச்சிக்கு 1862-இலும் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. ஆயினும் நாகையில் இறங்கியபின் எஞ்சிய பத்துக் கிலோமீட்டரை நடந்தோ மாட்டு வண்டியிலோ கடக்க வேண்டியிருந்தது. 1912-ஆம் ஆண்டளவில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கினார். பின்னர்த் தனியார் பேருந்துகள் ஊர்தோறும் புகுந்தன. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வரவே, பின்புறம் கரியடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடிய பேருந்துகளும் உண்டு. 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்னும் பெயர்களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. அதற்குப் பத்தாண்டுக்கு முன், 1962-இல், திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் வேளாங்கண்ணி ஆலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தியிருந்தார். திருவிழாவுக்குச் சிறப்புப் பேருந்து விடும் வழக்கம் வேரூன்றியபின், மூன்று நாள் வழி ஓரிரவாகச் சுருங்கியது. மாடு களைத்தபோது நின்ற பயணம், கடிகாரம் சொன்னபோது நிற்கத் தொடங்கியது.

சொந்த மோட்டார் வண்டியோ நெடுங்காலம் பண்ணையார் வீட்டுப் பொருளாகவே இருந்தது. அதனைப் ‘பிளஷர்’ என்றே ஊரார் அழைத்தனர். உழைப்புக்கு உதவாத, இன்பத்துக்கு மட்டுமான வண்டி என்னும் ஏளனமும் அச்சொல்லில் சிறிது கலந்திருந்ததோ என்னவோ! 1950-களின் இறுதியில் வந்த அம்பாசிடர் பின்னாளில் வாடகைக் காராக ஊருக்குப் பொதுவாயிற்று. அதன் முன்னிருக்கை பிளவில்லாத ஒரே நீளிருக்கை. ஓட்டுநரை ஒட்டி இருவர் நெருங்கி அமரலாம். பின்னால் எத்தனை பேர் என்பது வண்டியின் அளவைவிட வீட்டாரின் மனத்தைப் பொறுத்தது. பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஸ்கூட்டர் வாங்கிய காலம் அது. 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது, 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன்னால் நின்றபடி ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, அவள் மடியில் மற்றொரு பிள்ளை எனக் குடும்பம் முழுவதும் இரு சக்கரங்களில் திருப்பலிக்கு வந்த காட்சியை எந்தப் பங்கு மறக்கும்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இம்மாற்றத்தை எண்களில் காட்டுகிறது. 2001-இல் இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 11.7 வீடுகளில் இரு சக்கர மோட்டார் வண்டி இருந்தது. 2011-இல் அது 21 ஆயிற்று. கார் உள்ள வீடுகள் 2.5-இலிருந்து 4.7 ஆயின.

பழையது யாவும் பொன் என்று நாம் சொல்ல வரவில்லை. பேறுகாலத்தில் மாட்டு வண்டியில் மருத்துவமனைக்குப் புறப்பட்டு வழியிலேயே உயிரிழந்த தாய்மார் எத்தனையோ பேர். தானே வண்டி ஓட்டி வேலைக்குச் செல்லும் ஆசிரியையும் செவிலியும் பெற்றுள்ள விடுதலையைச் சிறிதென்று எவர் சொல்வார்? ஆயினும் ஒன்றை இழந்தோம். முன்பு வண்டி கட்டுமுன், ‘யாரெல்லாம் வருகிறீர்கள்?’ என்று தெருவைக் கேட்டோம். இன்று காரில் இடமிருந்தும் கேட்பதில்லை. கேட்டால் தொல்லை என்று வந்தவரும் நினைக்கிறார், வைத்திருப்பவரும் நினைக்கிறார். அடுத்த வீட்டு மூதாட்டி ஞாயிறு காலை பேருந்துக்காக நிற்கிறார். பின்னிருக்கை வெறுமையான கார்கள் அவரைக் கடந்து, அவர் போகும் அதே ஆலயத்துக்குச் செல்கின்றன.

2010-இல் நாகையிலிருந்து வேளாங்கண்ணிக்கே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. காலையில் காரில் புறப்பட்டு, மாதாவைக் கண்டு, இரவே வீடு திரும்புவோர் இன்று ஏராளம். வியப்பு என்னவெனில், இத்தனை வசதிகளுக்கிடையிலும் நடந்து செல்வோர் குறையவில்லை. காவியுடை அணிந்து, செபமாலை சொல்லியபடி, சிறு தேரை இழுத்துக்கொண்டு இளைஞர் கூட்டங்கள் ஆகஸ்டு மாதம் முழுவதும் சாலையோரமாக நகர்கின்றன. வழியூர்களில் மக்கள் சமய வேறுபாடின்றி மோரும் தண்ணீரும் தருகிறார்கள். அதே சாலையில் கார்களும் வேன்களும் விரைகின்றன. 2022-இல் மட்டும் தமிழகச் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தனர். நடைத் திருப்பயணிகள்மீது வாகனம் மோதிய செய்தியும் நமக்குப் புதிதல்ல. மோதப்பட்டவரும் மோதிய வண்டியில் இருந்தவரும் ஒரே அன்னையை நாடிச் சென்றவர்களாக இருந்ததும் உண்டு.

ஆதலால் இரவில் நடப்போர் இப்போது தம் பைகளின் முதுகில் ஒளிரும் பட்டைகளை ஒட்டிக்கொள்கின்றனர். பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் பட்டதும் அவை வரிசையாகச் சுடர்விடுகின்றன. ஓட்டுநர் சற்றே வேகம் குறைத்து, ஒதுங்கிச் செல்கிறார்.